மறைபோரும் மக்கள் மன்றமும்

பழந்தமிழ்ப் பொருளிலக்கணத்தைக் கற்கப் புகும் மாணாக்கர், புறத்திணையியலின் வாயிலிலேயே வெட்சித்திணையைக் காண்பர். வேந்தன் ஏவிய வீரர் வேற்று நாட்டினுட் புகுந்து, பகைவர் அறியாவண்ணம் அவர்தம் ஆனிரையைக் கவர்ந்து வந்து காத்தல் அத்திணையின் பொருளாகும். இக்கால அரசியல் மொழியிற் கூறுவதாயின், எல்லை கடந்து நிகழ்த்தும் மறைமுகப் படைவினை என்றே இதற்குப் பெயரிடுவர். போரின் தொடக்கம் பெரும்பாலும் களவாகவே இருத்தலை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். அறிந்தமையாலன்றோ அக்களவுக்கும் ஓர் இலக்கணம் வகுத்தனர்!

அவ்விலக்கணத்தில் இரண்டு செய்திகள் ஈண்டு நம் கருத்துக்கு உரியன. ஒன்று, ஏவியவன் யார் என்னும் வினா. ஐயனாரிதனார் தமது புறப்பொருள் வெண்பாமாலையில் வெட்சியை மன்னுறு தொழில் என்றும் தன்னுறு தொழில் என்றும் இரண்டாகப் பகுத்தார். அரசன் ஆணையால் நிகழ்வது முன்னையது. வீரர் தாமே மேற்கொள்வது பின்னையது. செயல் ஒன்றேயாயினும் ஆணை உண்மையும் இன்மையும் அதனை வேறுபடுத்தும் என்பது கருத்து. மற்றொன்று, மீண்ட பின்னர் நிகழ்வது. கவர்ந்த நிரையை ஊர்க்குக் கொணர்ந்து நிறுத்துதலும், பாதீடு என்னும் துறையால் அதனைப் பங்கிடுதலும், வேண்டினார்க்குக் கொடுத்தலும் ஊரறிய நிகழ்வன. களவு இரவோடு முடிந்து விடுகின்றது. விடிந்தபின் நடப்பது கணக்கு.

இதனைக் கொண்டு பண்டை மறவர் மக்களாட்சி நடத்தினர் என்று யாம் கூற வந்தோமல்லேம். களவு பகைவனிடத்துச் செய்யப்படுவது, தன் ஊரிடத்துச் செய்யப்படுவதன்று என்னும் ஓர் எளிய உண்மை அங்கே உளது என்பதே யாம் சுட்ட விரும்புவது. இவ்வுண்மையை இருபதாம் நூற்றாண்டின் பேரரசு ஒன்று மறந்தபோது என்ன நேர்ந்தது என்பதைக் கம்போடியா நாட்டின் வரலாறு காட்டும்.

உணவின் பெயரால் ஒரு போர்

கம்போடியா 1953 ஆம் ஆண்டிலே பிரெஞ்சு ஆட்சியினின்றும் விடுபட்ட சிறு நாடு. அதன் தலைவராய் விளங்கிய இளவரசர் நொரொடோம் சிஹானூக், அயலிலே வியட்நாமில் மூண்டெரிந்த போரில் எப்பக்கமும் சாராது நடுநிலை காத்தலே தம் நாட்டுக்கு உய்தி எனக் கருதினார். ஆயின், வடவியட்நாமியப் படையினரும் தென்வியட்நாமியக் கிளர்ச்சிப் படையினரும் கம்போடிய எல்லைக் காடுகளிற் பாசறை அமைத்து, அங்கிருந்து தென்வியட்நாமினுட் புகுந்து தாக்கி மீண்டு வந்தனர். நடுநிலையை முதலில் மீறியோர் அவரே என்பதைச் சொல்லாது விடுதல் நடுவுநிலைமை ஆகாது. அப்பாசறைகளைத் தாக்க வேண்டும் என அமெரிக்கத் தளபதிகள் பன்முறை கேட்டமைக்குக் காரணமும் அதுவே.

1969 ஆம் ஆண்டு சனவரியில் ரிச்சார்ட் நிக்சன் அமெரிக்க சனாதிபதியாகப் பதவி ஏற்றார். இரு திங்கள் கழிந்து, மார்ச் 18 ஆந் திகதி, பசிபிக் கடலிலுள்ள குவாம் தீவிலிருந்து அறுபது பீ-52 குண்டுவீச்சு விமானங்கள் எழுந்தன. அவை தென்வியட்நாமைத் தாக்கச் செல்வன என்பது ஏட்டிலுள்ள செய்தி. அவற்றுள் நாற்பத்தெட்டு, இறுதி வேளையில் திருப்பப்பட்டு, கம்போடிய எல்லைக்குள் குண்டு பொழிந்தன. அந்நாளின் தாக்குதலுக்குக் 'காலையுணவு' என்று மறைபெயர் இட்டிருந்தனர். அடுத்தடுத்து வந்த இலக்குகளுக்கு மதியவுணவு, சிற்றுண்டி, இராவுணவு, உணவின் பின்னுண்ணும் இனிப்பு என்றெல்லாம் பெயர்கள் எழுந்தன. அனைத்துக்கும் பொதுப்பெயர் 'உணவுப் பட்டியல்' என்பது. கொல்லும் வினைக்கு உண்ணும் வினையின் பெயரைச் சூட்டிய அவ்வுள்ளத்தை என்னென்பது!

இப்பட்டியல் 1970 மே மாதம் வரை, பதினான்கு திங்கள் நீடித்தது. அக்காலத்துள் பீ-52 விமானங்கள் மூவாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் சென்று, ஓரிலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகளை வீசின. அமெரிக்கா கம்போடியாவோடு போர் தொடுத்ததாக எந்த மன்றத்திலும் அறிவித்திலது. போர் தொடுக்கும் அதிகாரத்தை அந்நாட்டு அரசியலமைப்பு அளித்திருப்பதோ காங்கிரஸ் என்னும் சட்டமன்றத்துக்கு.

இரண்டு பதிவேடுகள்

இத்துணைப் பெரிய செயலை மறைத்தல் எங்ஙனம் இயன்றது? அதற்கென வகுத்த முறை நுணுகி நோக்கற்பாலது.

ஒவ்வொரு நாளும் தாக்குதலுக்குரிய இலக்கு தென்வியட்நாமினுள் இருப்பதாக வழக்கமான ஆணை பிறக்கும். விமானங்களும் அவ்வாணைப்படியே எழும். உண்மை இலக்கின் குறியீடுகளைச் சைகோனிலிருந்து ஒரு தூதர் தரையிலுள்ள றேடார் நிலையத்துக்கு மாலையிற் கொணர்ந்து தருவார். றேடார் நிலையத்தார் அவற்றைக் கணித்து, விமானங்களை எல்லைக்கு அப்பாற் செலுத்தி, குண்டுகளை நழுவவிடும் கணத்தையும் தாமே கூறுவர். வேலை முடிந்ததும், தென்வியட்நாமிலுள்ள பொய் இலக்கையே தாக்கியதாக அறிக்கை எழுதுவர். உண்மைக் கணிப்புத் தாள்கள் யாவும் பொழுது விடிந்தபின் எரிக்கப்படும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அரசின் மறைச்செய்தி ஏடுகளைப் பூட்டி வைத்தல் எல்லா நாட்டிலும் உள்ளதே. இங்கே பூட்டி வைத்த ஏடே பொய்யாயிற்று. அவ்வேட்டைப் பார்க்கும் உரிமை பெற்ற உயரதிகாரியும் உண்மையைக் காண்டல் இயலாது. விமானப்படையின் செயலாளராயிருந்த றொபேட் சீமன்ஸ் என்பாருக்கே தம் படையின் விமானங்கள் கம்போடியாவிற் குண்டு வீசுவது தெரிவிக்கப்படவில்லை. மேலும், எரிபொருளுக்கும் குண்டுகளுக்கும் கணக்குக் காட்டல் வேண்டுமன்றோ? அக்கணக்கை நிரப்புதற்கும் பொய்ப் பதிவுகளே உதவின. பொதுப்பணத்தைச் செலவிட இசைவு தருவது காங்கிரஸ். அப்பணம் எங்கே செலவாயிற்று என்பதை அறியாதிருந்ததும் அக்காங்கிரஸே.

றேடார் நிலையம் ஒன்றிலே பணிபுரிந்தவர் மேஜர் ஹால் நைற் என்பவர். தாள்களைத் தம் கையாலேயே எரித்தவர். போர்க்களத்தைத் தாக்குவதிற் பிழையுண்டு என்பதன்று அவரது முறையீடு. பதிவேட்டைப் பொய்யாக்கியமையே அவரது நெஞ்சை உறுத்திற்று. படையை விட்டு நீங்கிய பின்னர், செனற்றர் வில்லியம் புறொக்ஸ்மையர் என்பாருக்குக் கடிதம் எழுதினார். 1973 யூலையில், செனற் சபையின் படைச்சேவைக் குழுவின் முன் சாட்சியம் கூறினார். இச்செயலை யாரிடமிருந்து மறைக்கின்றோம் எனத் தம் மேலதிகாரியை வினவியபோது, செனற்றின் வெளியுறவுக் குழுவிடமிருந்து என்னும் கருத்துப்பட மறுமொழி கிடைத்ததாக அவர் அங்கே தெரிவித்தார்.

அம்மறுமொழியை நாம் மீண்டும் ஒருகால் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஹனோய் அரசிடமிருந்து மறைத்தல் இயலாது. குண்டுகள் வீழ்ந்தது அதன் படையினர் தலைமேல். கம்போடிய உழவரிடமிருந்து மறைத்தலும் இயலாது. எரிந்தது அவர்தம் மண். மறைக்கக் கூடியதாயிருந்தது தம் நாட்டு மக்களிடமும் அவர்தம் பிரதிநிதிகளிடமுமே. பகைவன் அறிந்ததைத் தன் மன்றம் அறியாதபடி செய்த களவு இது. வெட்சி மறவர் இரவில் நிரை கவர்ந்து, பகலிலே தம் ஊரையும் வஞ்சித்ததை ஒக்கும்.

பொய்யின் மேற் பொய்

1969 மே 9 ஆந் திகதி, நியூயோர்க் டைம்ஸ் இதழில் வில்லியம் பீச்சர் என்னும் செய்தியாளர் இத்தாக்குதலைப் பற்றி எழுதினார். அரசு அதனை ஒப்பவுமில்லை, விளக்கவுமில்லை. செய்தி எங்கிருந்து கசிந்தது எனக் கண்டறிதற்காகத் தன் அதிகாரிகளினதும் செய்தியாளரினதும் தொலைபேசி உரையாடல்களை ஒட்டுக்கேட்கத் தொடங்கிற்று. காலப்போக்கில் அங்ஙனம் ஒட்டுக்கேட்கப்பட்டோர் தொகை பதினேழாயிற்று. அயல்நாட்டு எல்லையை மறைவாகக் கடந்த கை, தன் நாட்டுக் குடிகளின் வீட்டெல்லையையும் மறைவாகக் கடந்தமை காண்க. பின்னாளில் அந்த ஆட்சியையே வீழ்த்திய ஊழல்களின் வேர்களுள் இதுவும் ஒன்று.

1970 ஏப்பிரல் 30 ஆந் திகதி நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றித் தரைப்படையினர் கம்போடியாவினுட் புகுவதை நாட்டுக்கு அறிவித்தார். நடுநிலை நாடொன்றின் எல்லையை மீற விரும்பாமையால் ஐந்து ஆண்டுகளாக அப்பாசறைகளைத் தாம் தாக்காது விட்டதாக அவ்வுரையிற் கூறினார். அவ்வேளை குண்டுவீச்சு ஓராண்டைக் கடந்து நடந்துகொண்டிருந்தது. 1973 ஆம் ஆண்டிலும், செனற் குழு புள்ளிவிபரம் கேட்டபோது, 1970 மே மாதத்துக்கு முன்னர்க் கம்போடியாவில் தாக்குதல் நிகழாதது போன்ற ஏடே பாதுகாப்புத் திணைக்களத்திலிருந்து சென்றது. ஒரு பொய்யைக் காத்தற்குப் பிறிதொரு பொய் வேண்டுவதாயிற்று.

கம்போடியாவின் கதி யாவரும் அறிந்ததே. முதற் குண்டு வீழ்ந்து சரியாக ஓராண்டு நிறைந்த 1970 மார்ச் 18 ஆந் திகதி, சிஹானூக் பதவியினின்றும் நீக்கப்பட்டார். உள்நாட்டுப் போர் மூண்டது. 1973 பெப்ரவரி தொடக்கம் ஓகஸ்ட் வரை மட்டும் இரண்டரை இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகள் அந்நாட்டின் மேல் வீழ்ந்தன. அவற்றுள் ஒரு தொகுதி, ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில், நியக் லுவோங் என்னும் நட்புப் பட்டினத்தின் மேலேயே தவறுதலாக வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. 1975 ஏப்பிரல் 17 ஆந் திகதி கெமர் ரூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றினர். அதன்பின் நிகழ்ந்த கொடுமை மனிதகுலம் நாணத்தக்கது. அக்கொடுமைக்குக் குண்டுவீச்சு எவ்வளவு காரணமாயிற்று என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுவர். அவ்வழக்கில் யாம் தீர்ப்புக் கூறப் புகவில்லை. இத்தகைய விளைவுகள் நேருமா என ஆராய்தற்கு உரியதோர் அவையிலே, உரிய காலத்திலே, ஒரு நாளேனும் விவாதம் நிகழவில்லை என்பதே எமது குறை.

மன்றம் விழித்தெழுந்த வரலாறு

அமெரிக்கச் சட்டமன்றத்தார் அனைவரும் உறங்கினர் என்று கூறுதலும் பொருந்தாது. 1964 ஓகஸ்டில், தொன்கின் வளைகுடா நிகழ்ச்சியை அடுத்து, சனாதிபதிக்குப் பரந்த அதிகாரம் வழங்கும் தீர்மானத்தை இரு சபைகளும் விரைந்து நிறைவேற்றின. பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து வாக்களித்தார் ஒருவருமிலர். செனற்றில் இருவரே எதிர்த்தனர். அவ்விரைவுக்கு வருந்திய காங்கிரஸ், 1971 சனவரியில் அத்தீர்மானத்தை நீக்கிற்று. செனற்றர்களான கூப்பர், சேர்ச் இருவரும் கொணர்ந்த திருத்தத்தின் வழியாகக் கம்போடியாவுக்குத் தரைப்படை அனுப்பப் பணம் வழங்குதல் தடுக்கப்பட்டது. இறுதியில், 1973 ஓகஸ்ட் 15 ஆந் திகதியோடு குண்டுவீச்சுக்கு வேண்டிய பணத்தையும் காங்கிரஸ் நிறுத்திற்று, விமானங்களும் ஓய்ந்தன. படைகளை ஆளும் வாள் சனாதிபதியின் கையில் இருப்பினும், அவ்வாளுக்கு உறை பணப்பையே என்பதை அந்நாள் காட்டிற்று.

அதே ஆண்டு நவம்பர் 7 ஆந் திகதி, சனாதிபதியின் மறுப்பையும் மீறி, போரதிகாரத் தீர்மானம் சட்டமாயிற்று. படையைப் போரில் ஈடுபடுத்திய நாற்பத்தெட்டு மணித்தியாலத்துள் காங்கிரஸுக்கு அறிவித்தல் வேண்டும். அதன் இசைவு இன்றேல், அறுபது நாள்களில் போரை நிறுத்துதல் வேண்டும். படையை மீட்க மேலும் முப்பது நாள் தவணை உண்டு. இவை அச்சட்டத்தின் சாரம்.

ஆயினும், 1974 யூலையில், கம்போடியாவை மறைவாகத் தாக்கியமையை நிக்சன் மீதான குற்றச்சாட்டுகளுள் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி, பிரதிநிதிகள் சபையின் நீதிக்குழுவில் இருபத்தாறுக்குப் பன்னிரண்டு என்னும் வாக்கினால் தோற்றது. சட்டமன்றத் தலைவர் சிலர் தாக்குதலை முன்னரே வாய்மொழியாக அறிந்திருந்தனர் என்பதும், காங்கிரஸும் அப்போருக்குப் பணம் வழங்கிக்கொண்டிருந்தது என்பதும் எதிர்ப்பாளர் கூறிய காரணங்களுட் சில. இதிலே ஒரு படிப்பினை உண்டு. ஆட்சியாளன் தனக்கு வேண்டிய இருவர் மூவர் காதில் ஓதிவிடுவான். அவர் வாய் திறவார். பின்னர் மன்றமே அறிந்ததாகக் கணக்காகிவிடும். காதில் ஓதுதல் வேறு, மன்றுக்கு அறிவித்தல் வேறு.

அயல்நாடாகிய லாவோஸின் கதையும் இதனோடு ஒத்ததே. 1962 ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையால் நடுநிலை நாடாக்கப்பட்ட அங்கே, அமெரிக்க மத்திய உளவு நிறுவனம் மலைவாழ் மொங் மக்களைக் கொண்டு ஒரு படையைத் திரட்டி நடத்திற்று. 1964 தொடக்கம் 1973 வரை இருபது இலட்சம் தொன்னுக்கு மேற்பட்ட குண்டுகள் அச்சிறு நாட்டின் மேல் வீழ்ந்தன. வெடியாது மண்ணிற் புதைந்த சிறுகுண்டுகள், போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தும் உழவரையும் சிறுவரையும் கொன்று வந்துள்ளன. செனற்றர் சைமிங்ரன் தலைமையிலான குழு 1969 ஒக்டோபரில் விசாரித்த பின்னரே இப்போரின் பரப்பு ஓரளவு வெளியாயிற்று.

சட்டமும் அதன் சந்துகளும்

1974 டிசம்பரில் இயற்றிய ஹியூஸ்–றையன் திருத்தம், உளவு நிறுவனம் வெளிநாட்டிற் செய்யும் மறைவினை ஒவ்வொன்றையும் நாட்டின் பாதுகாப்புக்கு இன்றியமையாதது எனச் சனாதிபதியே தீர்மானித்தல் வேண்டும் என்றும், உரிய குழுக்களுக்கு அறிவித்தல் வேண்டும் என்றும் விதித்தது. செனற்றர் சேர்ச் தலைமையிலான விசாரணைக் குழு 1975, 1976 ஆம் ஆண்டுகளில் உளவு நிறுவனங்களின் அடாத செயல்களை வெளிக்கொணர்ந்தது. அதன் பயனாக, செனற்றிலே 1976 இலும், பிரதிநிதிகள் சபையிலே 1977 இலும் உளவு மேற்பார்வைக் குழுக்கள் நிலையாக அமைந்தன. சனாதிபதியின் தீர்மானம் எழுத்திலே இருத்தல் வேண்டும் என 1991 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. மன்னுறு தொழிலாயின் மன்னன் கைச்சாத்து எங்கே என்று கேட்கும் நிலை இவ்வாறு பிறந்தது.

சட்டம் பிறந்தவுடன் அதனைக் கடக்கும் வழிகளும் பிறந்தன. 1984 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் நிக்கராகுவா நாட்டுத் துறைமுகங்களில் உளவு நிறுவனம் கண்ணிவெடிகளை இடுவித்தது. செனற் குழுவுக்கு அதனை அறிவித்த முறை யாதெனின், நீண்டதொரு விளக்கத்தினிடையே ஒரு வாக்கியம். ஆட்சியாளருக்கு நண்பராயிருந்த குழுத்தலைவர் பரி கோல்ட்வோட்டரே சினந்து, உளவு நிறுவனத் தலைவருக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். நிக்கராகுவாக் கிளர்ச்சியாளருக்குப் பணம் வழங்கலாகாது எனக் காங்கிரஸ் தடுத்தபோது, ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தை அவர்க்குத் திருப்பிவிட்ட செய்தி 1986 நவம்பரில் வெளியாயிற்று. அதே ஆண்டு யூனில், அமெரிக்கா நிக்கராகுவாவுக்கு எதிராகப் பன்னாட்டுச் சட்டத்தை மீறியதென உலக நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மன்றத்தின் பணப்பையை மூடினால் புறத்தே வேறு பை தேடுவர் என்பது இதனாற் பெறப்படும்.

இன்னொரு சந்து இன்னும் நுண்ணியது. உளவு நிறுவனத்தின் மறைவினைக்கு ஒரு சட்டம். படையினரின் செயலுக்கு வேறு சட்டம். 1991 ஆம் ஆண்டுச் சட்டம் வழக்கமான படைச்செயல்களை மறைவினை என்னும் வரையறையினின்றும் விலக்கி வைத்தது. ஆகவே, ஒரே வகையான செயலைச் செய்தவர் யார் என்பதைப் பொறுத்து, அறிவிக்கும் கடமையும் அறியும் குழுவும் மாறுகின்றன. 2011 மே மாதத்தில், பாகிஸ்தானின் அபொத்தாபாத் நகரில் ஒசாமா பின் லாடனைக் கொன்றோர் கடற்படை வீரர்; ஆயின் அவ்வினை உளவு நிறுவனத் தலைவரின் அதிகாரத்தின் கீழ் நடந்ததாகும். 2017 ஒக்டோபரில், ஆபிரிக்காவின் நைஜர் நாட்டிலே அமெரிக்கப் படையினர் நால்வர் பதுங்கித் தாக்கப்பட்டு இறந்தனர். அப்போது, அந்நாட்டில் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கப் படையினர் இருப்பது தமக்குத் தெரியாது எனப் படைச்சேவைக் குழுவின் உறுப்பினரான செனற்றர் ஒருவரே கூறினார். அவர்கள் அங்கே இருந்தமை முற்றும் மறைச்செய்தியன்று. அறிவிக்கப்பட்ட ஏடுகள் இருந்தன. ஏடு இருந்தும் வாசிப்பாரும் வினவுவாரும் இலராயின், மேற்பார்வை என்னும் சொல் வெறுஞ் சொல்லே.

பாராளுமன்றங்களின் தாய் எனப் புகழப்படும் பிரித்தானிய மன்றமும் இவ்வகையிற் குறையற்றதன்று. 1956 ஒக்டோபரில், சுயெஸ் கால்வாயைப் பற்றும் பொருட்டு, பிரித்தானியாவும் பிரான்சும் இஸ்ரவேலும் பிரான்சிலுள்ள செவ்ர் என்னுமிடத்தில் மறைவாக உடன்படிக்கை செய்தன. இஸ்ரவேலின் தாக்குதலைத் தாம் முன்னறிந்திலர் எனப் பிரதமர் அந்தனி ஈடன் அவ்வாண்டு டிசம்பரில் மன்றத்திலே கூறினார். அது பொய்யென்பதைக் காலம் வெளிப்படுத்திற்று. சிரியா மீது படைநடவடிக்கை எடுப்பது பற்றி 2013 ஓகஸ்டில் அரசு கேட்ட இசைவை அம்மன்றம் 285 க்கு 272 என்னும் வாக்கினால் மறுத்தது, அரசும் பணிந்தது. ஆயினும் அங்ஙனம் இசைவு கேட்டல் மரபேயன்றிச் சட்டமன்று. சிறப்புப் படைகளின் செயல் பற்றி மன்றத்தில் வினவுவார்க்கு விடை பகர்வதில்லை என்பதும் அங்கே நெடுங்கால வழக்கம்.

எதிர்வாதம்

மறைபொருளைப் பலர் அறிந்தால் அது மறைபொருளாகுமா? படைவினைக்கு விரைவு வேண்டும். மன்றமோ பேசிப் பேசிக் காலங் கழிக்கும். ஒரு சொல் கசிந்தால் வீரரின் உயிர் போகும். இவ்வாறு கூறுவார் கூற்று இகழ்ந்து ஒதுக்கத் தக்கதன்று. கம்போடியாவின் பொருட்டுக் கிசிங்கரும் ஏறக்குறைய இவ்வண்ணமே வாதித்தார். தாக்குதலை வெளிப்பட அறிவித்திருந்தால், உள்ளூர ஒப்பியிருந்த சிஹானூக் வெளியே எதிர்க்க நேர்ந்திருக்கும் என்பது அவர் கருத்து.

இதற்கு மறுமொழி கூறுவோம். மன்றம் என்புழி, ஐந்நூற்றுவரும் கூடிய அவையிற் படைநகர்வை முன்னறிவிக்குமாறு எவரும் கேட்கவில்லை. வரையறுத்த ஒரு சிறு குழு, மூடிய கதவினுள், இரு கட்சியினரும் அமர்ந்து கேட்டல் போதும். அபொத்தாபாத் வீட்டைப் பற்றி உளவுக் குழுத் தலைவர் சிலர் பல திங்கள் முன்னரே அறிந்திருந்தனர், செய்தி கசிந்திலது. விரைவு வேண்டுமெனில், செயலை முடித்து இரண்டு நாளில் அறிவித்தல் எவ்வினையையும் கெடுத்துவிடாது. பதினான்கு திங்கள் நீண்ட குண்டுவீச்சுக்கு விரைவு என்னும் போர்வை பொருந்துமா? சிஹானூக்கின் இக்கட்டைக் காத்தற்கு ஊடகத்தின் முன் வாய் மூடுதல் போதியது. செனற் குழுவுக்குப் பொய்யேடு அனுப்பியமைக்கு அது காரணமாகாது.

மறைவு வேறு, பொய் வேறு. மறைவு, சொல்லாது விடுதல். சொல்ல வேண்டிய காலம் வரும்வரை பொறுத்தல். பொய், வினவுவார்க்கு மாறாகச் சொல்லுதல். பதிவேட்டையும் மாற்றி எழுதுதல். முன்னையது அரசுக்குச் சிலவேளை தேவையாகலாம். பின்னையது அரசையே உள்ளிருந்து அரிக்கும் கறையான்.

வேண்டுவன

மேற்கூறிய வரலாறுகளினின்றும், எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் பொருந்தத்தக்க சில நெறிகளைத் திரட்டலாம். முதலாவது, எல்லை கடந்த படைவினை எதுவாயினும் அதற்கு ஆணையிட்டவர் பெயர் எழுத்தில் இருத்தல் வேண்டும். வாய்மொழி ஆணைக்குப் பின்னர் உரியவர் கிடையார். இரண்டாவது, செய்பவர் படைவீரராயினும் உளவரேயாயினும் ஒரே விதி ஆளல் வேண்டும். சீருடையைக் கழற்றுவதால் பொறுப்புக் கழலக் கூடாது. மூன்றாவது, குறித்த நாளெல்லைக்குள், இரு கட்சியினரும் உள்ள நிலையான குழுவுக்கு அறிவித்தல் வேண்டும். தலைவர் தமக்கு வேண்டியவரைத் தெரிந்து காதில் ஓதுதல் அறிவிப்பாகாது. நான்காவது, அவ்வினைக்குரிய பணம் தனியே குறிக்கப்படல் வேண்டும். வேறு தலைப்பிலிருந்து எடுத்துச் செலவிடுதல் குற்றமாதல் வேண்டும். ஐந்தாவது, மன்றத்துக்குப் பொய்யேடு கொடுத்தவர் எப்பதவியினராயினும் தண்டனைக்கு உட்படல் வேண்டும். அதனை வெளிப்படுத்திய ஊழியர் காப்பும் பெறல் வேண்டும். ஆறாவது, தக்க காலங் கழிந்தபின் ஏடுகள் மக்களுக்குத் திறக்கப்படல் வேண்டும், எரிக்கப்படலாகாது.

இவை புதுமையான கருத்துகள் அல்ல. அரசர்க்கு ஒற்றாடலை ஓர் அதிகாரமாகவே வகுத்துரைத்த திருவள்ளுவர், ஒற்றன் கொணர்ந்த செய்தியைப் பிறிதோர் ஒற்றனாற் சரிபார்த்த பின்னரே கொள்ளல் வேண்டும் என்றார். மறைவே தொழிலானவனையும் ஆராயாது நம்பலாகாது என்பது அதன் கருத்து. தவறு கண்டு இடித்துரைக்கும் துணைவர் அரசனுக்கு இன்றியமையாதவர் என்பதையும் அவரே வேறோரிடத்தில் வற்புறுத்துவார். முடியரசுக் காலத்தில் அமைச்சருக்கும் சான்றோருக்கும் உரியதாயிருந்த அவ்விடிக்கும் கடமை, குடியரசுக் காலத்திலே மக்கள் பிரதிநிதிகளின் மன்றத்துக்கு உரியதாயிற்று.

ஆசிரியர்களுக்கும் மாணாக்கருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. போர் என்றவுடன் வெற்றி தோல்விகளையும் வீரர் பெயர்களையும் பாடமாக ஒப்பித்தல் நம் வழக்கம். அப்போருக்கு ஆணையிட்டவர் யார், யாரிடம் இசைவு பெற்றார், எப்பணத்தைச் செலவிட்டார், எவ்வேட்டில் எழுதினார் என்னும் வினாக்களையும் வகுப்பிலே எழுப்புவோமாயின், வருங்கால வாக்காளர் தம் பிரதிநிதிகளிடம் அவற்றையே எழுப்புவர். மேஜர் நைற் எழுப்பியதும் அவ்வாறானதோர் எளிய வினாவே: யாரிடமிருந்து மறைக்கின்றோம்? அவ்வினாவுக்குப் பகைவரிடமிருந்து என்று விடை வருமாயின், அரசை ஓரளவு நம்பலாம். நம்மிடமிருந்து என்று விடை வருமாயின், மன்றத்தின் கதவைத் தட்டுதல் குடிகளின் கடமை.